நாற்பது நிமிடத் தூரம்

சந்தியோகுவின் எஞ்சினைப் பற்றிக் கதைக்காத ஆள் அந்த மாசி மாதத்தில் குருநகர் இறங்குதுறையில் இல்லை. கரையில் நிற்கும்போது அதைப்போல நல்ல எஞ்சின் வேறு கிடையாது. ஒரே இழுவையில் பற்றிக்கொள்ளும். தண்ணீர் நிரப்பிய பீப்பாவுக்குள் இறக்கி ஓடவிட்டால் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் ஒரே சுருதியில் ஓடும். கடலுக்குப் போய் நாற்பது நிமிடம் கழிந்தால்தான் வியாதி தொடங்கும். ஒரு விக்கல், இன்னொரு விக்கல், பிறகு சத்தமே இல்லை. ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்ப ஓடும். கரைக்கு வந்து சேரும்போது அதன்மேல் குற்றம் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தார்கள். ஒருவர் பிளக் மாற்றிக் காபரேற்றரைக் கழுவிப் பூட்டினார். மற்றவர் எண்ணெய்க் குழாயைப் புதிதாகப் போட்டார். இரண்டு பேரும் பீப்பாவுக்குள் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எஞ்சினில் பிழையில்லை என்றார்கள். இரண்டாவது ஆள் போகிற போக்கில், பிழை எஞ்சினில் இல்லை, அதைப் பிடிக்கிற கையில்தான் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தப் பேச்சு அன்று பின்னேரமே மீனுக்கு ஐஸ் போடுகிற வாடி வரை போய்விட்டது.

அப்படிப் போவதற்கு ஒரு காரணம் இருந்தது. மார்கழியில், கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு ஒரு கிழமை முன்னர், சந்தியோகுவும் அவனுடைய மைத்துனன் எமில்ராஜும் மண்டைதீவு முனையைத் தாண்டி நண்டு வலை எடுக்கப் போனார்கள். வலை எடுத்துத் திரும்பும்போது எஞ்சின் நின்றது. வாடைக்காற்று மூச்சு விடாமல் அடித்துக்கொண்டிருந்த நாள். ஆறவிட்டு இழுத்தால் ஓடும். ஐந்து நிமிடம் போனதும் மறுபடி நிற்கும். நின்ற நேரமெல்லாம் காற்று படகைத் தென்மேற்காகக் கொண்டுபோனது. ஆறு மணித்தியாலம். கடைசியில் இரணைதீவுப் பக்கமிருந்து வந்த படகொன்று கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் புதுவருசம் பிறந்ததும் எமில்ராஜ் வேறொரு படகுக்குப் போய்விட்டான். போகுமுன் அக்காவிடம் வந்து, அத்தானோடு இனித் தனக்குச் சரிவராது என்றான். ஏன் என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். சந்தியோகு கடலுக்குப் பயந்துவிட்டான், எஞ்சின் வெறும் சாட்டு என்று ஊர் கதை கட்டிக்கொண்டது.

அந்த அக்காதான் யசிந்தா. சந்தியோகுவுக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு வருசம். ஒரே மகள் பிரதீபா வவுனியாவில் தாதியர் பயிற்சியில் இருந்தாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அவன் விடியப் போவான். அவள் கரைக்குப் போய் மற்றவர்களுடைய வலைகளில் நண்டு கழற்றுவாள். மண்ணில் தார்ப்பாயை விரித்து, வலையை மடியில் போட்டு, நண்டின் கால் முறியாமல் சிக்கெடுக்க வேண்டும். கால் முறிந்த நண்டை நிறுக்கிறவர் தனியே தள்ளிவைப்பார். நகத்தடியிலெல்லாம் வெட்டு விழும். அந்த வெட்டில் உப்புத்தண்ணீர் பட்டு எரிவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

எமில்ராஜ் போனபிறகு சந்தியோகு தனியாகத்தான் தொழிலுக்குப் போனான். முனைப் பக்கம் போகவில்லை. சிறுத்தீவுக்குக் கிட்ட, கரையிலிருந்து பார்த்தால் ஆள் தெரிகிற தூரத்தில், வலையைப் போட்டான். அங்கே கிடைக்கிறது கைப்பிடி அளவு நண்டு. அதிலும் பாதி சின்னன், திரும்பக் கடலில் விடவேண்டியது. ஒரு நாள் நண்டு கழற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்த றெஜினா, உங்கடை மனிசன் இப்ப வீட்டு வாசல் படலையைப் பார்த்துக்கொண்டுதான் தொழில் செய்கிறார் போலை என்றாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். யசிந்தாவும் சிரித்தாள். பிறகு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் தான் சிரித்தது அவளுக்கு உறைத்தது. உறைத்ததே தவிர, றெஜினா சொன்னது பொய் என்று அவளால் நினைக்க முடியவில்லை.

அன்று மத்தியானம் அவனுக்குப் பிட்டும் ஓரா மீன் குழம்பும் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் இருந்தாள். நேராகவே கேட்டாள்.

"பயமோ உங்களுக்கு?"

சந்தியோகு பிட்டைக் குழைத்தபடி இருந்தான். குழைத்ததை வாயில் வைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை மெல்லத் தள்ளிவிட்டு எழும்பிப்போய்க் கை கழுவினான். பிறகு பின்வளவில் வேப்பமரத்துக்குக் கீழே வலையை எடுத்து வைத்துக்கொண்டு இருந்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு கிழமை, வேண்டியதற்கு மட்டும் ஒரு சொல், இரண்டு சொல். சண்டை என்று ஒன்றும் இல்லை.

அப்படியிருக்கும்போது கிணற்றுத் தண்ணீர் மோட்டர் பழுதானது. அதைச் சாக்கில் கட்டி ஓட்டோவில் வைத்து ஐந்து சந்தி என்கிற இடத்துக்குக் கொண்டுபோனாள் யசிந்தா. அங்கே ஒரு ஒழுங்கைக்குள், எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் தாஹிரின் பட்டறை இருந்தது. தண்ணீர் மோட்டர், மோட்டார்சைக்கிள், ஜெனறேற்றர் என்று எது வந்தாலும் பார்ப்பார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த மனிதர், கண்ணாடியின் ஒரு கால் உடைந்து அந்த இடத்தில் நைலோன் நூல் கட்டியிருந்தது. தொண்ணூறில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்து வெளியேற்றப்பட்டபோது அவர் இருபது வயதுப் பொடியன். பிறகு இருபத்தைந்து வருசம் கற்பிட்டியில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களோடுதான் சீவியம். திரும்பி வந்து வாப்பாவின் வீட்டில் கூரை மிஞ்சிய அறை ஒன்றைத் திருத்திக்கொண்டு இருந்தார். மனைவி நஜ்முன்னிஸாவும் பிள்ளைகளும் புத்தளத்தில்தான். பிள்ளைகளின் படிப்பு அங்கே. மாதத்துக்கு ஒருக்கால் போய் வருவார்.

ரம்ழான் நோன்பு தொடங்கி மூன்று நாள். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் மோட்டரைக் கழற்றிக்கொண்டே, சந்தியோகு எப்படி இருக்கிறான் என்று விசாரித்தார். யசிந்தா அதையும் இதையும் சொல்லி, கடைசியில் படகு எஞ்சினின் கதையையும் சொன்னாள். சொல்லும்போதே ஒரு மாதிரியாக, நாலு பேர் சிரிக்கிற கதையை ஐந்தாவது ஆளுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். தாஹிர் சிரிக்கவில்லை. கையிலிருந்த திருகாணியைப் பால்மா அடைத்து வந்த தகர ரின்னுக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நிக்கேக்கை எப்பிடி நிக்குது தங்கச்சி? மூச்சு முட்டின மாதிரி இழுத்து இழுத்தோ, லைற் நூந்த மாதிரிச் சட்டெண்டோ?"

யசிந்தாவுக்குத் தெரியவில்லை.

எஞ்சினின் பக்கத்து ஓட்டையால், அதைக் குளிரவைத்த தண்ணீர் பீச்சுமே, நிற்பதற்கு முன்னரும் அது ஒழுங்காக வந்ததா என்று கேட்டார். எண்ணெய்க் குழாயின் நடுவில் இருக்கிற றப்பர் பந்தை அமத்தினால் கல்லுப்போல இருக்கிறதா, சப்பளிந்து கிடக்கிறதா என்று கேட்டார். திரும்ப ஓட எவ்வளவு நேரம் எடுக்கும், வெயிலில் ஒரு மாதிரியும் மழையில் ஒரு மாதிரியும் இருக்கிறதா என்று கேட்டார்.

"அவர் எனக்கு உதொண்டும் சொல்லேல்லை நானா."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

அவர் கழற்றிப் போட்டிருந்த மோட்டரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயமோ எண்டு கேட்டனான்."

தாஹிர் பழந்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "அதுக்கு ஒரு மனிசன் என்னத்தைத்தான் சொல்லுறது" என்றார். பிறகு, தான் கேட்டதையெல்லாம் அவனிடம் கேட்டுக்கொண்டு வரச்சொன்னார். அவள் மறந்துபோகும் என்று தயங்க, கொப்பித்தாள் ஒன்றைக் கிழித்து, கிறீஸ் விரல் அடையாளத்தோடு, ஐந்து கேள்வியையும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது சந்தியோகு வேப்பமரத்தடியில் வலை பொத்திக்கொண்டிருந்தான். சிறுத்தீவுப் பக்கம் கடலடிக் கல்லுப் பாரில் பட்டு ஓரிடம் கிழிந்திருந்தது. யசிந்தா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வழக்கம்போல உள்ளே போகாமல், வலையின் மற்றத் தலைப்பைப் பிடித்து இழுத்துக் கொடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்தாள். கடதாசியை எடுத்துப் படித்தாள்.

"நிக்கேக்கை மூச்சு முட்டின மாதிரி நிக்குதோ, லைற் நூந்த மாதிரியோ?"

அவனுடைய கையில் ஊசி நின்றது.

"உதை ஆர் கேக்கச் சொன்னது?"

"தாஹிர் நானா. எனக்கும் தெரியவேணும்."

அவன் ஊசியை வலைக்கண்ணுக்குள் குத்தி வைத்தான். தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்தான். பிறகு, இவ்வளவு நாளும் யாராவது வந்து கேட்பார்கள் என்று அடுக்கி வைத்திருந்ததுபோலச் சொல்லத் தொடங்கினான்.

"லைற் நூந்த மாதிரி. ரெண்டுதரம் விக்கும், அவ்வளவுதான். எண்ணெய் வராமல் நிக்கிறதெண்டால் முதல் வேகம் குறையும், இருமும், எனக்குத் தெரியாதே? இது அப்பிடியில்லை. நல்லா ஓடிக்கொண்டிருக்கேக்கையே இல்லாமல் போகும்."

"தண்ணி பீச்சுறது?"

"கடைசி மட்டும் வரும். கை வைச்சுப் பாத்தனான், கொதிக்கிற தண்ணியில்லை, இளஞ்சூடுதான். றப்பர் பந்து கல்லு மாதிரி இருக்கும். எண்ணெய் ரின் மூடியையும் கழட்டிப்போட்டு ஓடிப் பாத்தனான், காத்துப் போகாமல் நிக்குதோ எண்டு. அதுவுமில்லை."

"திரும்ப ஓட எவ்வளவு நேரம்?"

"ஒரு செபமாலை."

யசிந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"போன் நனைஞ்சு போச்சு அண்டைக்கு. நேரம் பாக்க வழியில்லை. அதாலை செபமாலை சொன்னன். ஒரு முழுச் செபமாலையும் பிரார்த்தனையும் முடிச்சு இழுத்தால் ஓடும். அஞ்சு தேவரகசியமும் முடியவேணும், நாலாவதிலை இழுத்தால் ஓடாது. எத்தினை தரம் பாத்தாச்சு." கொஞ்சம் பொறுத்து, "ஒருக்கால் மழை பெய்தது. எஞ்சின்ரை மூடியைக் கழட்டிவிட்டிருந்தனான், எஞ்சின் நனைஞ்சு போச்சு. அண்டைக்கு ரெண்டாம் தேவரகசியத்திலையே ஓடினது. நனைஞ்சால் ஓடக்கூடாதெல்லோ? உது எனக்கு விளங்கேல்லை" என்றான்.

"இதை ஏன் மெக்கானிக்குக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான். அவர் பீப்பாவைக் காட்டினார்."

அவள் அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு மணித்தியாலம் கடலில் அள்ளுண்டு போன மனிதன், அந்த நேரமெல்லாம் எஞ்சினைக் கவனித்துக்கொண்டும் இருந்திருக்கிறான். ஒவ்வொரு நாளும் சிறுத்தீவடியில் நாற்பது நிமிடத்துக்கு மேல் சுற்றி ஓடியும் கவனித்திருக்கிறான். அவள் தன்னுடைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு அவன் கை கழுவப் போனதையே பதிலாக எடுத்துக்கொண்டாள். வலையை இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கிழிசல் பொத்தி முடிந்த பிறகும் இரண்டு பேரும் எழும்பவில்லை.

மறுநாள் தாஹிர் மோட்டார்சைக்கிளில் வந்தார். படகடியில் நின்று எல்லாவற்றையும் சந்தியோகுவின் வாயால் இன்னொருக்கால் கேட்டார். மழைக் கதை வந்ததும் கண்ணாடியைக் கழற்றி நூலை இறுக்கினார். எஞ்சினில் ஒரு சாமான்மேல் தனக்குச் சந்தேகம் இருக்கிறது, ஆனால் சந்தேகத்துக்குச் சாமான் மாற்றுவதில்லை என்றார். ஓடுகிற எஞ்சினைப் பார்த்து ஒன்றும் அறிய முடியாது. அது நின்ற இடத்தில், நின்ற உடனே, கை வைத்துப் பார்க்கவேண்டும். அதற்குக் கடலுக்குத்தான் போகவேண்டும். கற்பிட்டியில் இருபத்தைந்து வருசம் வேலை செய்தும் கரையை விட்டு ஒருநாளும் போனதில்லை, படகு ஆடினால் தலை சுற்றும் என்பதையும் அவரே சொன்னார்.

மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும். எஞ்சினில் இரண்டு பேர் கை வைக்கும்போது நங்கூரம் போட, தேவைப்பட்டால் சுக்கான் தடியைப் பிடிக்க. யசிந்தா தம்பியைக் கேட்டாள். எமில்ராஜ், தான் போகிற படகுக்காரர் விடமாட்டார் என்றான். அப்படியானால் நான் போகிறேன் என்றாள் அவள். ஒவ்வொரு தவக்காலத்திலும் பாலைதீவு அந்தோனியார் பெருநாளுக்குப் படகில் போய் வருகிறவள்தான். கலியாணம் கட்டின புதிதில் சந்தியோகு அவளிடம் தடியைக் கொடுத்துவிட்டுப் படகின் முன்னணியத்தில் படுத்திருந்த காலமும் உண்டு. சந்தியோகு வேண்டாமென்று சொல்லவில்லை. ஐஸ் பெட்டியை நிரப்பி, பாண் இரண்டும் சம்பலும் கட்டி வைத்தான். தாஹிருக்கு நோன்பு என்பது அதன் பிறகுதான் ஞாபகம் வந்தது.

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டார்கள். கடல் தட்டுப்போலக் கிடந்தது. சிறுத்தீவு போனது, மண்டைதீவின் பனைகள் வலதுகைப் பக்கமாக நீண்டு குறுகின. தாஹிர் இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது நிமிடம். முப்பத்தைந்து. யசிந்தா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவனுடைய தாடை இறுகியிருந்தது. நாற்பது நிமிடமானது, எஞ்சின் ஓடியது. நாற்பத்தைந்தாகியும் ஓடியது. இன்றைக்குப் பார்த்து இது நிற்காமல் விட்டால் என்ன ஆகும்? நிற்கவேண்டும், மாதாவே, இது நிற்கவேண்டும் என்று மன்றாடினாள். கடலில் நின்று அப்படி மன்றாடிய முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று பிறகு நினைத்துக்கொண்டாள்.

நாற்பத்தெட்டாவது நிமிடம் ஒரு விக்கல். இன்னொரு விக்கல். பிறகு தண்ணீர் படகில் தட்டுகிற சத்தம் மட்டும்.

அப்போது சந்தியோகுவின் முகத்தை அவள் பார்த்தாள். மார்கழியிலிருந்து ஊரெல்லாம் அந்த முகத்தில் எதைத் தேடியதோ அது அங்கே இல்லை. காய்ச்சல் விட்ட ஆளின் முகம்போல எல்லாம் தளர்ந்து, கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"கண்டியளோ" என்றான் மெதுவாக. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

தாஹிர் எழும்பினார், எழும்பியவர் அப்படியே மறுபக்கம் சாய்ந்து கடலுக்குள் வாந்தி எடுத்தார். வெறும் வயிறு, மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. யசிந்தா முதுகைத் தடவிவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவர் தலையாட்டி மறுத்தார். தானாக வந்தால் நோன்பு முறியாது தங்கச்சி, வாயைக் கொப்பளிக்க மட்டும் தாங்கோ என்றார். கொப்பளித்துத் துப்பிவிட்டு நேரே எஞ்சினுக்கு வந்தார்.

மூடி கழன்றது. பிளக் ஒன்றைக் கழற்றி, வயரோடு பூட்டி, எஞ்சினின் இரும்பில் முட்டவைத்து, வெயில் மறைக்கச் சாக்கொன்றைத் தன் தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு, இழு என்றார். சந்தியோகு கயிற்றை இழுத்தான். இன்னொருக்கால் என்றார். மூன்று தரம். சாக்குக்குள்ளிருந்து வெளியே வந்து, பொறி இல்லை என்றார். மற்றப் பிளக்கிலும் இல்லை. பிறகு எஞ்சினின் பக்கவாட்டில் பூட்டியிருந்த, தீப்பெட்டி இரண்டு சேர்த்த அளவான கறுப்புச் சாமானில் விரலை வைத்துச் சட்டென்று எடுத்தார்.

"இதுதான் பிளக்குக்குப் பொறி குடுக்கிற கொயில். உள்ளுக்கு மயிர் மாதிரி வயர் ஆயிரம் சுத்துச் சுத்தியிருக்கு. அதிலை எங்கையோ ஒரு வெடிப்பு. குளிருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், சூடேறினால் விலகும். உங்கடை மழை இதைத்தான் குளிரப்பண்ணியிருக்குத் தம்பி. ஆனா இது இன்னும் என்ரை சந்தேகம். ஐஸ் இருக்கோ?"

யசிந்தா பொலித்தீன் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, பெட்டியிலிருந்து ஐஸை உடைத்து நிரப்பி முடிந்து கொடுத்தாள். தாஹிர் அதைக் கொயிலின் மேல் வைத்து அமத்திப் பிடித்தார். காற்று மெல்லக் கிளம்பியிருந்தது. யசிந்தா போட்ட நங்கூரம் சேற்றில் அரைகுறையாகப் பிடித்து இழுபட்டது. மண்டைதீவுப் பனைகள் வரும்போது இருந்ததை விடச் சின்னதாகிவிட்டதை அவள் கண்டாள். சந்தியோகுவும் கண்டிருப்பான். அவனுடைய உதடு அசைந்துகொண்டிருந்தது.

நாலு நிமிடம் கழித்துத் தாஹிர் பிளக்கை மறுபடி இரும்பில் வைத்துச் சாக்கைப் போர்த்தினார். சந்தியோகு இழுத்தான்.

"வந்திட்டுது" என்றது சாக்கு. "நீலமா வந்திட்டுது. வந்து பாருங்கோ, ரெண்டு பேரும் வந்து பாருங்கோ."

அந்தச் சாக்குக்குள் மூன்று தலைகள். மண்ணெண்ணெயும் மீனும் வேர்வையும் மணந்தது. யசிந்தா அந்தப் பொறியைக் கண்டாள். ஒரு கணம், ஊசிமுனை அளவு நீலம். இவ்வளவும் இதற்காகவா என்று நினைத்தாள்.

எஞ்சின் ஓடியது. ஆனால் கரை இன்னும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல். மூடியைப் பூட்டாமல், கொயில் சூடேறாமல் பார்த்துக்கொண்டால் போய்விடலாம் என்றார் தாஹிர். அவரால் இனி நிற்க முடியாது. வாந்தி திரும்பவும் வந்துகொண்டிருந்தது. சந்தியோகு தடியைப் பிடிக்கவேண்டும். யசிந்தா கூந்தலை இறுக்கி முடிந்து, சட்டையின் தொங்கலை இடுப்பில் செருகிக்கொண்டு எஞ்சினடியில் முழங்காலில் இருந்தாள். மேலே சுழல்கிற சக்கரத்துக்குக் கை போகாமல், பக்கவாட்டில், ஐஸ்பையைக் கொயிலோடு பிடித்தாள்.

ஐந்து நிமிடத்தில் விரல் நொந்தது. பத்து நிமிடத்தில் நண்டு கடித்த பழைய வெட்டெல்லாம் ஒன்றாக எரிந்தது. பிறகு எரிவும் இல்லை. கை வேறு யாருடையதோபோல இருந்தது. ஐஸ் கரைந்து பை தொய்ந்தால் தாஹிர் படுத்தபடியே அடுத்த பையை நிரப்பி நீட்டுவார். அலை தட்டிய இடத்தில் பை கொஞ்சம் விலகியது. எஞ்சின் ஒருக்கால் விக்கியது. அவள் இரண்டு கையாலும் அமத்தினாள். விக்கல் நின்றது. தலைக்கு மேலே சந்தியோகு ஏதோ கத்தினான். கையை மாற்று, கையை மாற்று என்கிறான். மாற்றிக்கொண்டாள். அண்ணாந்து பார்த்தாள். அவன் கடலைப் பார்க்கவில்லை, அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கையால் தன் மேலில் போட்டிருந்த சேட்டைக் கழற்றி அவளிடம் எறிந்தான். அதைக் கையில் சுற்றிக்கொண்டு பையைப் பிடித்தாள்.

இறங்குதுறைக்கு வரும்போது மணி பத்தரை. வெறும் மேலோடு சந்தியோகு தடியைப் பிடித்து நிற்க, பெண்சாதி எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்க, படகுக்குள் ஒரு மெக்கானிக் கிழிந்த சாக்கைப்போலக் கிடக்க வந்த அந்தப் படகை இறங்குதுறையே எழும்பி நின்று பார்த்தது. யசிந்தாவின் விரல்கள் மடிந்தபடியே இருந்தன. றெஜினாதான் ஓடிவந்து அந்தக் கையைத் தன்னுடைய இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். என்ன நடந்தது என்று அவள் கேட்க, யசிந்தா சொன்னாள். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

புதுக் கொயில் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர நாலு நாள் எடுத்தது. தாஹிர் வந்து பூட்டினார். யசிந்தா அன்று பின்னேரம் பிட்டும் மீன் பொரியலும் செய்து நோன்பு திறக்கக் கட்டிக்கொடுத்தாள். பழைய கொயிலை என்ன செய்வது என்று சந்தியோகு கேட்டான். எறியுங்கோ, ஆனா தண்ணிக்குள்ளை எறியாதையுங்கோ, குளிர்ந்து திரும்பப் பொறி குடுக்கத் தொடங்கிடும் என்றார் தாஹிர்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எமில்ராஜ் வீட்டுக்கு வந்தான். சந்தியோகு கடைக்குப் போயிருந்தான். எமில்ராஜ் குசினி வாசலில் நின்று, அக்கா மீன் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் எழும்பி நாற்காலி எடுத்துப் போடவில்லை.

"எஞ்சினுக்காக நான் போகேல்லை அக்கா" என்றான். "அண்டைக்கு அத்தான் அழுதவர். செபமாலையைப் பிடிச்சுக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி. எனக்குக் கடல் காட்டினதே அவர்தான். அவர் அழுறதைக் கண்ட பிறகு அவருக்கு முன்னாலை நிக்க எனக்கு ஏலாமல் போட்டுது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

யசிந்தா கத்தியைக் கழுவிவைத்தாள். ஊரார் கட்டிய கதையை இவன் ஒருநாளும் ஓமென்று சொல்லவில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை. அதற்கு அவனைத் திட்ட அவளுக்கு வாயில்லை. தானும் அதைத்தான் செய்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாள். சந்தியோகு வந்து, சைக்கிளைச் சாத்திவிட்டு, மைத்துனனைக் கண்டு கொஞ்சம் நின்றான். நண்டு இப்போது முனைக்கு அங்காலைதான் படுகிறது என்று எமில்ராஜ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். திங்கட்கிழமை வாறியோ என்று கேட்டான் சந்தியோகு. ஓம் என்றான் மற்றவன். பிறகு மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை யசிந்தா தார்ப்பாயில் இருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். விரல்கள் இன்னும் முழுதாய்ச் சுகமாகவில்லை. நுனியில் விறைப்பு இருந்தது. ஏழரை மணிக்கு மடியில் கிடந்த போன் அடித்தது. சந்தியோகு. போனுக்குள் முதலில் எஞ்சினின் சத்தம்தான் வந்தது, இடைவிடாமல்.

"முனையைத் தாண்டியாச்சு" என்றான் அவன். "ஒரு மணித்தியாலமாகுது. எமில் தடி பிடிச்சிருக்கிறான். நான் முன்னுக்கு இருக்கிறன்."

"நல்லா ஓடுதே?"

"எஞ்சின் நல்லா ஓடுது." சத்தம் கொஞ்ச நேரம் தனியே வந்தது. "எனக்குத்தான் நெஞ்சு அடிக்குது, யசிந்தா. அவனுக்குத் தெரியாது."

அவள் கையிலிருந்த நண்டைக் கீழே வைத்தாள்.

"திரும்பி வாங்கோவன்" என்றாள்.

"இல்லை. வலை இன்னும் அங்காலை." பிறகு, "நீ போனை வையாதை" என்றான்.

"வைக்கேல்லை."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, இடையிடையே படகின் வயிற்றில் அலை அறைகிற சத்தம், இடையிடையே அவனுடைய மூச்சு. யாரோடு கதைக்கிறாய் என்று றெஜினா கண்ணால் கேட்டாள். யசிந்தாவுக்குக் கழுத்து உளைந்தது, தலையைச் சரித்தபடியே வலையை இழுத்தாள். இருபது நிமிடத்துக்கு மேல் அப்படியே போனது. பிறகு சத்தம் துண்டு துண்டாகி, சிக்னல் விட்டுப்போனது. இப்போது வலைக்குக் கிட்டப் போயிருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். போனை மடிக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த நண்டின் கால் முறியாமல் சிக்கெடுக்கத் தொடங்கினாள்.